பக்கத்து வீடு ‘பாய்ஸ் ரூம்’ ஆகிடுச்சா? யாரிடம் கேட்பது, சட்டம் என்ன சொல்கிறது?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போயிருந்தால் ரஞ்சன்குடி கோட்டையை ஒருமுறையாவது ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். பெரம்பலூரிலிருந்து வடக்கே சுமார் 17 கி.மீ. எங்க ஊர் அதுதான். ப்ளஸ் டூ முடிச்சதும் எங்க ஊர்ப் பிள்ளைங்க முதலில் கத்துக்கிற வார்த்தை ‘ரூம்’. “எங்க ரூம் எடுத்திருக்க?”, “ரூம்ல எத்தனை பேர்?”, “ரூம் வாடகை எவ்ளோ?”

நானும் அப்படி ஒரு ரூமில் தங்கிப் படித்தவள்தான். ஒரு காலத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு அது. பூஜை அறையில் இரண்டு பேர் படுத்திருப்போம். சுவரில் சாமி படம் மாட்டியிருந்த ஆணியில் எங்கள் காலேஜ் பேக் தொங்கும். அந்தத் தெருவில் இருந்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. பெரம்பலூரில் இருக்கும் என் பெரியம்மாவின் பக்கத்து வீடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ‘பாய்ஸ் ரூம்’ ஆனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வெளியூரில் செட்டில் ஆகிவிட்டார்கள். அம்மா, அப்பாவும் அங்கேயே போய்விட்டார்கள். வீட்டை ஒருவர் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஹாலில் நான்கு கட்டில், ஒவ்வொரு ரூமிலும் நான்கைந்து என்று போட்டுவிட்டார். போன மாசம் அதே ஆள் பெரியம்மாவிடமும் வந்து கேட்டிருக்கிறார்: “மாடி சும்மாதானே கிடக்கு, எனக்குக் குடுங்களேன்.”

பெரியம்மா எனக்கு போன் பண்ணி, “நீதான் பேப்பர்ல எழுதுறியே, இதுக்கெல்லாம் சட்டம் ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில், என்னதான் நடக்கிறது?

குடும்ப வீடு மாணவர் வீடாக மாறுவது மூன்று விதமாக நடக்கிறது.

ஒன்று, நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது. சமைப்பார்கள், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இது காலம் காலமாக இருக்கிறது.

இரண்டு, வீட்டு உரிமையாளரே மாடியையோ, பின் போர்ஷனையோ தனித்தனிக் கட்டிலாக வாடகைக்கு விடுவது. அவர் கீழேயே குடியிருப்பார். சில இடங்களில் சாப்பாடும் உண்டு.

மூன்று, நடுவில் ஒருவர் வருவது. அவர் உரிமையாளரிடம் வீட்டை மொத்தமாக எடுத்து, ஆள் கணக்கில் மாணவர்களுக்கு விடுவார். உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். நடத்துபவர் வேறு ஏரியாவில் இருப்பார். வீட்டில் இருப்பவர்கள் மாணவர்கள் மட்டும்தான். தெருக்காரர்களின் புகார்கள் அதிகம் கிளம்புவது இந்த மூன்றாவது வகையில்தான். ஏனென்றால், குழாய் உடைந்தாலும் சண்டை வந்தாலும் கதவைத் தட்டிக் கேட்க அங்கே பொறுப்பான ஆள் கிடையாது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் கதையிலிருந்து இது வேறுபடுகிறது. மேன்ஷன் என்பது பேச்சிலர்கள் தங்குவதற்காகவே பயன்படும் கட்டடம். மேனேஜர் இருப்பார், வாசலில் போர்டு இருக்கும். இங்கே வெளியே பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே மட்டும் ஹாஸ்டல்.

ஏன் இவ்வளவு வேகமாக மாறுகிறது?

ஒரு காரணம் பெருமைப்பட வேண்டியது. உயர்கல்விக்குப் போகிறவர்களின் விகிதத்தில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு ஒப்பிட்ட சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47%. தேசிய சராசரி 28.4% மட்டுமே. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவதால், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிப் படியேறுவது இன்னும் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் இரண்டும் சின்ன மாவட்டங்கள். ஆனால் பெரம்பலூரிலும் சிறுவாச்சூரிலும் தனியார் பொறியியல், மருத்துவ, நர்ஸிங் கல்லூரிகள் இருக்கின்றன. குரும்பலூரிலும் வேப்பந்தட்டையிலும் அரசு கலைக் கல்லூரிகள். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி வருகிறது, பஸ் வருகிறது, டீக்கடையும் ஜெராக்ஸ் கடையும் வருகின்றன. எல்லோருக்கும் போதுமான ஹாஸ்டல் மட்டும் வருவதில்லை.

இன்னொரு காரணம் பணம். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு மூன்று பெட்ரூம் வீட்டைக் குடும்பத்துக்கு விட்டால் மாதம் 10,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டில் 14 கட்டில் போட்டு, ஒரு கட்டிலுக்கு 3,000 ரூபாய் வாங்கினால் 42,000. நடத்துபவர் உரிமையாளருக்கு 18,000 கொடுத்தாலும் அவர் கையில் 24,000 நிற்கும். அதில்தான் கரன்ட், தண்ணீர், ரிப்பேர் எல்லாம். உரிமையாளருக்கும் குடும்ப வாடகையைவிட 8,000 ரூபாய் அதிகம். பிள்ளைகள் ஊரில் இல்லாத, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு இது பெரிய ஆசை.

இந்தக் கணக்கின் இன்னொரு பக்கம், அதே தெருவில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பம். 10,000 ரூபாய் தர முடிந்த டீச்சரோ, கிளார்க்கோ 18,000-த்தோடு போட்டி போட முடியாது. தெருவில் ஒன்றிரண்டு வீடுகள் மாறினால் யாருக்கும் தெரியாது. பாதி வீடுகள் மாறினால் குடும்பங்களுக்கான ‘டு லெட்’ போர்டே அந்தத் தெருவில் இருக்காது.

தெருக்காரர்களின் கவலை என்ன?

“சத்தம் போடுறாங்க” என்பதுதான் எப்போதும் முதலில் காதில் விழும் புகார். ஆனால் உட்கார்ந்து பேசினால் பிரச்சினை தண்ணீரில் போய் நிற்கும்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவுகோல். நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். அதே வீட்டில் 14 பேர் என்றால் 1,890 லிட்டர். மூன்றரை மடங்கு. ஆனால் வீட்டின் குழாய் இணைப்பு அதேதான், போர் அதேதான், மாடியில் இருக்கிற டேங்க்கும் அதேதான். பற்றாக்குறை வந்தால் மோட்டார் அதிக நேரம் ஓடும். பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் இறங்குவதாகச் சண்டை வரும்.

உள்ளே போகிற தண்ணீர் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? ஐந்து பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க் 14 பேருக்குத் தாங்காது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கழிவுநீர் லாரி வந்த இடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிடாவிட்டால் வழிந்து தெருச் சாக்கடைக்கு வரும். பெரியம்மாவின் முதல் புகாரே இதுதான். பையன்களைப் பற்றிக் கேட்டால், “பாவம், அதுங்க என்ன பண்ணும்?” என்பார்.

அடுத்தது பைக். வீட்டுக்கு ஒன்று இருந்த இடத்தில் எட்டு, பத்து. குறுகலான தெருவில் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது என்ற பயம் வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் உண்மையான பயம்.

அப்புறம் குப்பை. ராத்திரி 11 மணிக்கு மேல் வருகிற பார்சல் டெலிவரி. வருஷா வருஷம் மாறும் முகங்கள். “யாரு இருக்காங்க, யாரு போனாங்கன்னே தெரியல” என்ற உணர்வு. மே மாதம் முழுக்க இருட்டாகக் கிடக்கிற வீடு. கடைசியாக வருவது, வெளியே அதிகம் சொல்லாத ஒன்று: கோலம் போடுகிற, பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிற, அவசரத்துக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போகக்கூடிய பக்கத்து வீடு இல்லாமல் போகிறது.

மாணவர்கள் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

வாடகைக்கு வீடு தேடிப் போன ஒரு மாணவனிடம் கேட்டுப் பாருங்கள். “பேச்சிலர்ஸுக்கு இல்லை” என்ற போர்டு முதல் தடை. அதைத் தாண்டினால் “எந்த ஊரு, என்ன ஆளுங்க, நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?” எல்லாத் தெருவும் ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று கதவை மூடினால், மிச்சம் இருக்கிற ஒரே கதவு ஹாலில் நான்கு கட்டில் போடுகிற ஆளுடையது. கூட்டம் கூட்டமாக அடைபடுவதை மாணவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. தனியாக வீடு தர ஆளில்லாததால் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

அரசு விடுதிகள் உண்டு. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகள் நடத்தும் மாணவர் விடுதிகளுக்கு 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று அரசு பொதுப்பெயர் வைத்தது. ஆனால் அங்கே இடம் கிடைக்காதவர்களும், கல்லூரி ஹாஸ்டல் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களும் தெருவுக்குள்தான் வர வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்திலும் முதலில் ஆபத்தில் இருப்பது உள்ளே தங்கியிருப்பவர்கள்தான். 2024 செப்டம்பர் 12 அதிகாலை, மதுரை கட்ராபாளையம் பகுதியில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். இருவரும் ஆசிரியைகள். குடும்பத்துக்குப் போட்ட வயரிங்கில் 14 போன் சார்ஜரும், நான்கு லேப்டாப்பும், இரண்டு இன்டக்ஷன் அடுப்பும் ஓடுகிற வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெளியேற ஒரே ஒரு வாசல், அதிலும் பைக் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் சுவாரஸ்யமான ஓட்டை இருக்கிறது.

2014-ல் பொள்ளாச்சியில் தனியார் விடுதி ஒன்றில் தங்கிப் படித்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதன் பிறகு அதே ஆண்டில் ‘தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம்’ வந்தது. இதன்படி பெண்களோ, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களோ தங்கும் தனியார் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். கட்டடம், சுகாதாரம், தீத்தடுப்பு, வார்டன், காவலாளி, கேமரா என்று நிபந்தனைகள் உண்டு. உரிமம் இல்லாமல் நடத்தினால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

சட்டத்தின் பெயரை மறுபடி படியுங்கள். ‘மகளிர் மற்றும் குழந்தைகள்’. அப்படியென்றால் 18 வயது முடிந்த 14 பையன்கள் தங்கும் வீடு? அது இந்தச் சட்டத்துக்குள் வராது. முதலாம் ஆண்டு சேரும் பையனுக்கு 17 வயது என்றால் சட்டத்தின் பார்வையில் அவன் குழந்தை. சில மாதத்தில் பிறந்தநாள் வந்துவிட்டால், அதே கட்டிலில் படுத்திருக்கிற அவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அதற்காக ‘பாய்ஸ் ரூம்’களுக்குச் சட்டமே இல்லை என்று அர்த்தமில்லை. துண்டு துண்டாக இருக்கிறது:

*வாடகைச் சட்டம்:* தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. உரிமையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. தண்ணீர், கரன்ட்டைத் துண்டித்து வாடகைதாரரை மிரட்டக் கூடாது. அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரும் விதத்தில் வீட்டைப் பயன்படுத்தி, நோட்டீஸ் கொடுத்த பிறகும் நிறுத்தாவிட்டால், காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணம். அதாவது, “நான் வாடகைக்கு விட்டுட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று உரிமையாளர் ஒதுங்க முடியாது. அவர் கையில் அதிகாரம் இருக்கிறது.

*கட்டட விதிகள்:* 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். குடும்பம் வாழும் வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தை விடுதியாக நடத்துவது பயன்பாட்டு மாற்றம் ஆகுமா, அதற்குத் தனி அனுமதி தேவையா என்று உள்ளாட்சி அமைப்பிடம் கேட்க வேண்டும். நான்கு நண்பர்கள் சேர்ந்து வாழும் வீட்டையும், 14 கட்டில் போட்டு வியாபாரமாக நடத்தும் வீட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

*ராகிங் தடுப்பு விதிமுறைகள்:* இது பலருக்கும் தெரியாது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2009-ல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு விதிமுறைகள், வளாகத்துக்கு வெளியே தனியார் நடத்தும் வணிக விடுதிகளையும் சேர்த்தே பேசுகின்றன. அவை உள்ளூர் காவல் துறையில் பதிவாக வேண்டும், அதற்குக் கல்லூரித் தலைவரின் பரிந்துரை வேண்டும் என்கின்றன. ஆக, “வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று ஒரு பொறியியல் கல்லூரி முழுதாகக் கைகழுவ முடியாது.

*சத்தம், தொல்லை:* ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. செப்டிக் டேங்க் வழிவது மாதிரியான பொதுத் தொல்லைகளை நீக்கச் சொல்லி உத்தரவிட, நிர்வாக நடுவருக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு அதிகாரம் தருகிறது. பழைய சட்டத்தில் இது 133-வது பிரிவு. நம்ம ஊர் நடைமுறையில், கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பது.

*வரி:* மாணவர் விடுதி என்றாலே ஜிஎஸ்டி வருமா? தங்குகிறவர்கள் அதைக் குடியிருப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விடுதி நடத்துபவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான, தொடர்ந்து 90 நாளாவது தங்கும் இடங்களுக்கு விலக்கு தரப் பரிந்துரைத்து, அது ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மாணவர்களின் பர்ஸுக்கு இது நல்ல செய்தி. அதே நேரம், வரிக்கு ‘குடியிருப்பு’ என்று ஏற்கப்பட்டதாலேயே தீத்தடுப்பும் கழிப்பறை எண்ணிக்கையும் தேவையில்லை என்று ஆகிவிடாது.

போலீஸை வைத்துத் தீர்க்க முடியாதா?

நம்ம ஊரில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் போலீஸ் வழியாகத்தான் வெளியே தெரிகிறது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் ஒரு வாடகை வீட்டில் என்கவுன்டரில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் சென்னையில் வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது.

2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னையை அடுத்த பொத்தேரியில், கல்லூரி மாணவர்கள் அதிகம் தங்கியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுமார் 1,000 போலீஸார் விடியற்காலையில் வீடு வீடாகச் சோதனை நடத்தினார்கள். கஞ்சா பிடிபட்டது, சில மாணவர்கள் கைதானார்கள். ஆனால் சோதனை நடந்தது நூற்றுக்கணக்கான வீடுகளில். எழுப்பி நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். அன்றைக்கு டிவியில் பார்த்த பெற்றோருக்கும் ஹவுஸ் ஓனர்களுக்கும் மனதில் பதிந்தது ‘ஸ்டூடன்ட்ஸ் வீடுன்னா இப்படித்தான்’ என்ற படம்.

குற்றம் நடந்தால் போலீஸ் வரட்டும். செப்டிக் டேங்க் வழிவதும், ஒரு பாத்ரூமுக்கு 14 பேர் நிற்பதும் போலீஸ் பிரச்சினை கிடையாது. அது நகராட்சியின் வேலை.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

*பெங்களூரு:* கோரமங்களாவில் ஒரு பிஜி-க்குள் 2024 ஜூலையில் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்ட பிறகு, ஆகஸ்டில் மாநகராட்சி எல்லா பிஜி-களுக்கும் விதிமுறை வெளியிட்டது. ஆளுக்குக் குறைந்தது 70 சதுர அடி இடம், நாளுக்கு 135 லிட்டர் தண்ணீர், கேமரா, தீயணைப்புத் துறை ஒப்புதல், சமையல் இருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமம். ஆண், பெண் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லா பிஜி-க்கும் இது பொருந்தும்.

*இங்கிலாந்து:* நம்ம பிள்ளைகள் மாஸ்டர்ஸ் படிக்கப் போய்த் தங்குகிற வீடுகள் பலவும் இப்படி மாறிய குடும்ப வீடுகள்தான். லீட்ஸின் ஹெடிங்லி, நாட்டிங்காமின் லென்டன் மாதிரி ஏரியாக்களில் தெருக்களே மாணவர் தெருக்களாக மாற, அதற்கு ‘ஸ்டூடென்டிஃபிகேஷன்’ என்று ஆய்வாளர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். அங்கே வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து வாழும் வீட்டுக்கு உரிமம் கட்டாயம். 2018 முதல் ஒருவர் தூங்கும் அறைக்குக் குறைந்தபட்ச அளவு 6.51 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 70 சதுர அடி! ஒரு ஏரியாவில் இனிமேல் குடும்ப வீட்டை இப்படி மாற்றத் தனி அனுமதி வேண்டும் என்று அறிவிக்கும் அதிகாரமும் உள்ளாட்சிக்கு உண்டு.

*சிங்கப்பூர்:* உறவில்லாதவர்கள் ஒரு வீட்டில் ஆறு பேர் வரைதான் தங்கலாம் என்று வைத்திருந்தார்கள். வாடகை ஏறியதால் 2024 ஜனவரியில், நான்கறை மற்றும் அதற்குப் பெரிய வீட்டு வசதி வாரிய வீடுகளில் அதைத் தற்காலிகமாக எட்டு ஆக்கினார்கள். தேவை கூடினால் எண்ணைத் தளர்த்துகிறார்கள். ஆனால் ஒரு எண் இருக்கிறது.

மூன்று இடத்திலும் பொதுவான விஷயம், ‘ஸ்டூடன்ட் வேண்டாம்’ என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு வீட்டுக்குள் எத்தனை பேர், எவ்வளவு இடம், யார் பொறுப்பு என்பதைத்தான் கேட்கிறார்கள்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

*நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்றால்:*
- முதலில் உரிமையாளரின் போன் நம்பரை வாங்குங்கள். நடத்துபவரிடம் மட்டும் பேசி நிறுத்தாதீர்கள்.
- புகாரை ‘பசங்க சரியில்லை’ என்று எழுதாதீர்கள். ‘இந்தத் தேதியில் கழிவுநீர் வழிந்தது’ என்று போட்டோவோடு எழுதுங்கள். முன்னதற்கு யாராலும் நடவடிக்கை எடுக்க முடியாது, பின்னதற்கு முடியும்.
- கழிவுநீர், குப்பை, கட்டட அனுமதிக்கு நகராட்சி ஆணையர். தீராவிட்டால் கோட்டாட்சியர். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.
- பெண்கள் விடுதி என்றால், உரிமம் இருக்கிறதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம்.

*நீங்கள் வீட்டு உரிமையாளர் என்றால்:*
- எத்தனை பேர் தங்கலாம் என்ற எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உள்வாடகை பற்றியும் எழுதுங்கள்.
- வயரிங்கையும் செப்டிக் டேங்க்கையும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்றபடி மாற்றிவிட்டு அப்புறம் கட்டில் போடுங்கள்.
- பெண்களுக்கோ, 18 வயது நிரம்பாதவர்களுக்கோ விடுவதாக இருந்தால், உரிமம் தேவையா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

*நீங்கள் மாணவர் என்றால்:*
- எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். குறைந்தது, கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீது.
- வீட்டுக்கு இரண்டாவது வெளியேறும் வழி இருக்கிறதா, ஜன்னல் கம்பி திறக்குமா என்று பாருங்கள்.
- குடி போன முதல் வாரம் பக்கத்து வீட்டில் போய் உங்கள் பெயரையும் ஒரு போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். சட்டத்தில் இல்லாத விஷயம்தான். ஆனால் பாதிச் சண்டை இதிலேயே குறையும்.

பெரியம்மா என்ன முடிவெடுத்தார்?

மாடியைக் கேட்டு வந்த ஆளிடம் கேட்க நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். எத்தனை பேர்? செப்டிக் டேங்க்கை யார் பெரிசாக்குவது? ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணலாமா? ராத்திரி ஏதாவது ஆனால் பத்து நிமிஷத்தில் யார் வருவார்கள்? முதல் கேள்விக்கு “பாத்துக்கலாம் அம்மா” என்றாராம். பதிவு என்றதும் “அதெல்லாம் எதுக்குங்க?” என்றிருக்கிறார். அதற்குப் பிறகு வரவில்லை.

மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் பேசும்போது பெரியம்மா வேறொன்று கேட்டார். ரஞ்சன்குடியில் எங்கள் தெருவில் இருந்து இந்த வருஷம் மூன்று பிள்ளைகள் பெரம்பலூரில் காலேஜ் சேர்கிறார்கள். மூன்றும் பெண் பிள்ளைகள். “மூணு பேருன்னா நம்ம டேங்க் தாங்கும்ல? அதுக்கும் லைசென்ஸ் வாங்கணுமான்னு கேட்டுச் சொல்லு.”

திங்கள்கிழமை சமூக நல அலுவலகத்துக்குப் போன் பண்ண வேண்டும்.